மயிலையின் நெற்றியில் இரண்டாவது சுழி

வழுக்கைத் தலைகளால்தான் எனக்குச் சோறு. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் இருபது வருடமாக ஹேர் பேட்ச் செய்து பொருத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பெண் தேடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைகள். மீதிப் பேர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டிப்போய், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள். மாப்பிள்ளைகளிடம் எரிந்து விழுவேன். மற்றவர்களிடம் மாட்டேன்.

என் வேலைக்கு ஒரு பெயர் உண்டு. உச்சியில் சுழி வைக்கத் தெரிந்தவள் என்பார்கள். சுழி இல்லாத பேட்ச், எவ்வளவு நல்ல முடியில் செய்திருந்தாலும், தொப்பி மாதிரித்தான் தெரியும். முடி ஒரு புள்ளியில் தொடங்கிச் சுற்றி விரிந்து இறங்கினால்தான் பார்க்கிறவன் கண் அதைத் தலை என்று ஒப்புக்கொள்ளும். அதனால் எந்த வேலையை யாரிடம் விட்டாலும் சுழியை மட்டும் நானே வைப்பேன்.

போன வருடம் ஐப்பசியில் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, முடி வெக்கறவீங்ளா? எங்கூட்ல ஒரு மாட்டுத் தலை இருக்குதுங்க. பாடம் பண்ணி வெச்சது. நெத்தியில முடி கொட்டிப்போச்சுங்க."

யாரோ விளையாடுகிறான் என்று போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. இந்த முறை நன்றாகத் திட்டினேன். மூன்றாவது முறை எடுத்தபோது அவர் கோபப்படவில்லை. "பையன் வளத்துன மாடுங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பையன் இப்ப இல்லீங்க," என்றார். நான் வீடு எங்கே என்று கேட்டேன்.

கருமத்தம்பட்டியிலிருந்து ஒன்றரை மைல். முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தறிச் சத்தம் காலில் ஏறும். ஹாலில் மகனின் போட்டோ, அதற்குச் சின்ன பல்பு. போட்டோவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுத் தலை. காங்கேயம் மயிலைக் காளை. வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், கழுத்துப் பக்கம் கருத்திருந்தது. கொம்பில் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். கண்ணாடிக் கண் ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. உடம்பு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறதோ என்று தோன்றிவிட்டது.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். பையன் ரேக்ளா வண்டிப் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டு வாங்கிய காளை. வாங்கி நாலு மாதத்தில் அவிநாசி ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பவில்லை. காளை அதற்கப்புறம் ஒரு வருடம் இருந்து, வயிறு ஊதிச் செத்தது. புதைக்க மனசு வராமல், கேரளாவிலிருந்து ஆள் வரவழைத்துத் தலையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார். வருகிற வாரம் பையனுக்குத் திதி. சொந்தபந்தம் எல்லாம் வரும். அதற்குள் நெற்றியைச் சரி செய்ய வேண்டும்.

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டம்ளரை என் கையில் கொடுக்கிறவரை தரையைப் பார்த்தபடியே வந்தார், தரையைப் பார்த்தபடியே போனார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

தறி ஆட்கள் இரண்டு பேர் தலையை இறக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் சென்னிமலை பெட்ஷீட் ஒன்றை விரித்து வைத்தார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டேன். பாடம் செய்த தோலில் என்ன விஷத்தைத் தடவியிருப்பார்களோ, யாருக்குத் தெரியும். நெற்றிக்கு நடுவே, கொம்புகளுக்குச் சற்றுக் கீழே, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிட இரண்டு மடங்கு அகலத்தில் தோல் தெரிந்தது. பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்து, கீழே வெள்ளைத் தாளை வைத்துத் தட்டினேன். பொடி விழவில்லை. உருப்பெருக்கி விளக்கில் பார்த்தேன். பூச்சி கடித்தால் முடி தோலோடு ஒட்ட அறுபட்டிருக்கும். இங்கே ஒவ்வொரு குழியும் காலியாக இருந்தது. வேரோடு வந்திருக்கிறது.

தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பெண் பிள்ளைகள் என்னிடம் வருவதுண்டு. பரீட்சை நேரத்தில் அதிகம் வருவார்கள். அவர்கள் தலையில் பார்த்த அதே காலிக் குழிகள்தான் இவை. இந்த மாட்டுக்கு முடி கொட்டவில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார்கள்.

"ஊட்ல கொழந்தைங்க யாராச்சும் இருக்காங்ளாங்ணா?" என்று கேட்டேன்.

"நாங்க ரெண்டு பேருதானுங்க."

இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. வழுக்கையைச் சுற்றி மிச்சமிருந்த முடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, வட்டமாக விரிந்திருந்தது. அதற்குக் கீழே, கண்களுக்கு நடுவே, எல்லா மாட்டுக்கும் இருப்பதுபோல் ஒரு சுழி முழுசாக இருந்தது. மேலே இன்னொன்று இருந்திருக்கிறது. அந்தச் சுழியை மட்டும்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

சுழி என்ற பேச்சே எனக்கு ஆகாது. கல்யாணமாகி மூன்றாம் வருடம் என் கணவர் காய்ச்சலில் போனார். காரியத்தன்று, என் தலையிலிருந்த பூவை எடுத்த கையோடு, மாமியார் என் முடியை இரண்டாகப் பிரித்து, உச்சியில் விரலை ஊன்றி, கூடியிருந்த பெண்களுக்குக் காட்டினாள். "பாத்துக்கங்க, ரெட்டைச் சுழி. ஒண்ணு போனாத்தானே ரெண்டாவது வரும்?" எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டாவது கணவர் யாரும் வரவில்லை. அந்த மட்டில் சுழி பொய்யாகிப்போனது. விரல் மட்டும் போகவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, பஸ்ஸில் எனக்குப் பின்னால் யாராவது நிற்கும்போது, அது அதே இடத்தில் வந்து ஊன்றும். அப்படிப்பட்ட நான் சுழி செய்து பிழைக்கிறேன். நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோ ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். அவர் பீரோவைத் திறந்து மகனின் போனைக் கொடுத்தார். சார்ஜ் முழுதாக இருந்தது. மூன்று வருடமாகத் தவறாமல் போட்டுவைக்கிறாராம். "எனக்குப் பாக்க மனசு வரதில்லீங்க. நீங்களே பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, போனைத் திறக்கும் பேட்டர்னை மேஜைமேல் விரலால் வரைந்து காட்டினார். போட்டோவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றில்கூட நெற்றி வெறுமையாக இல்லை. எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் திருநீறும் நடுவில் குங்குமமும் அப்பியிருந்தது.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து மயிலைக் காளை ஒன்றிலிருந்து கத்தரித்த முடியை அவர் ஒரு பையில் தயாராக வைத்திருந்தார். அலசிக் காயவைத்து, ஊசிச் சீப்பில் சீவி, வெள்ளை தனி, சாம்பல் தனி, நுனி கருத்தது தனி என்று பிரித்தேன். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வதுபோல்தான் இந்த வேலை. கீழ் வரிசையில் தொடங்கி மேலே ஏற வேண்டும், மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மூட வேண்டும். நாலைந்து முடியை இடுக்கியில் பிடித்து, வேர் முனையைப் பசையில் தொட்டு, சாய்வு பார்த்து வைத்து, இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். வேலை செய்யும்போது மாட்டின் கண்களைத் துண்டால் மூடிவிட்டேன். பசை தெறிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் வெளிவட்டத்தில் மூன்று வரிசை முடிந்தது. பின்னால் யாரோ வந்து நின்றதுபோல் இரண்டு தடவை தோன்றியது. திரும்பிப் பார்த்தால் சமையலறைத் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் போனால் மூன்று வரிசையையும் காணோம். துண்டு மடித்து மேஜை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. காளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பசை இருந்த இடத்தில் தோல் லேசாகப் பெயர்ந்து வந்திருந்தது. ஒரு முழு நாள் வேலை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அவர் தறிக்குப் பாவு நூல் எடுக்கச் சோமனூர் போயிருந்தார். "யாருங்க இதத் தொட்டது?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். தறிச் சத்தத்தில் கத்தினால்தான் அங்கே கேட்கும்.

அவர் மனைவி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "நாந்தான் அம்மிணி," என்றார். வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தலையை நேராகப் பார்த்தார்.

அவருடைய அப்பா ஊர் ஊராகப் போய் மாட்டுக்குச் சுழி பார்த்துச் சொல்கிறவராம். எட்டு வயதிலேயே எல்லாச் சுழியும் இவருக்குத் தெரியும். நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் 'குடைமேல் குடை' என்பார்கள். வாங்குகிறவன் வீட்டுக்கு ஆகாது. எவனும் கயிற்றைத் தொட மாட்டான்.

"ஓட்டீட்டு வந்த அன்னிக்கு நெத்தி பூராத் திருநீறு. எனக்கு ஒண்ணுந் தெரியல. ஆரத்தி சுத்தித்தான் உள்ள உட்டேன். அடுத்த நாளு தண்ணி ஊத்திக் கழுவறப்பப் பாத்துப்போட்டேன் அம்மிணி."

"சொல்ல வேண்டியதுதானுங்க்கா?"

"எப்படிச் சொல்றது? வேலை போயி ஒன்றரை வருசமா மூஞ்சியத் தூக்கீட்டே இருந்த பையன். அந்த மாடு வந்தப்பறந்தான் சிரிச்சுப் பேசுனான். சாப்பாடு இன்னொருக்கா வாங்கிச் சாப்பிட்டான். அதக் கெடுக்க எனக்கு வாய் வரல. நாம் பாத்தது எனக்கும் அந்த மாட்டுக்குந்தான் தெரியும். இப்பச் செவுத்துல இருந்துட்டுத் தெனமும் என்னையப் பாக்குது. நீ பாத்தே, சொல்லலைன்னு." தன் வலது கையின் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். "அவரு தறிக்குப் போனப்பறம், நாளைக்கு நாலு முடி. அது போயிருச்சுன்னா மனசு ஆறுமின்னு பாத்தேன்."

எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாலு முடி வளைந்து முளைத்ததற்கு ஒரு பெண் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "சுழியாவது மண்ணாங்கட்டியாவது!" என்றேன். "என்ற தலையில ரெண்டு இருக்குது. என்ற ஊட்டுக்காரர் செத்ததுக்கு அதான் காரணமின்னு எங்க மாமியா ஊருக்கே காட்டுனா. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்ளா?"

"நீ குனிஞ்சு வேலை செய்யறப்ப நேத்தே பாத்தேன் அம்மிணி," என்றார் மெதுவாக.

திரை ஆடியது அதனால்தான். என் உச்சியில் பழைய விரல் வந்து ஊன்றியது. சாமானை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றிருந்தது. கிளம்பியிருந்தால் அந்தப் பெண் மீதி ஆயுளையும் அந்தத் தலைக்கு முன்னால் அப்படியே கழித்திருப்பாள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், சுழி என்று ஒன்று அங்கே இருந்ததா என்பதையே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்புதான் எனக்கு. மகனின் போனை எடுத்து, போட்டோவை விட்டுவிட்டு வீடியோக்களைத் தேடினேன்.

பத்துப் பதினைந்து ரேக்ளா வீடியோவுக்கு அடியில் அது கிடைத்தது. மாடு வாங்கிய அன்றைக்கு எடுத்தது. ஏதோ ஒரு சந்தைத் தோப்பு. காளையின் நெற்றி வெறுமையாக, வெயில் பட்டுத் தெரிகிறது. பையன் மேல் சுழியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சொல்கிறான். "இதப் பாத்துப்போட்டுத்தான் ஒருத்தனும் வாங்காம நின்னிருக்குது. குடைமேல் குடையாமா! அம்மா பாத்தா அப்பவே திருப்பி ஓட்டச் சொல்லும். தெனமும் பெருசாத் திருநீறு பூசி உட்ற வேண்டியதுதான்." படம் எடுக்கிற ஆள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. சிரிப்பில் படம் குலுங்குகிறது. அவ்வளவுதான்.

நான் போனை அவர் கையில் கொடுத்தேன். வீடியோவைப் போட்ட நேரத்தில் கரண்ட் போய்த் தறி எல்லாம் நின்றது. மூன்று வருடமாக அந்த வீட்டில் இல்லாத குரல் ஹால், சமையலறை, வாசல் வரைக்கும் போய் வந்தது. சுவரில் இருந்த போட்டோவைப் பார்க்க நான் துணியவில்லை.

"இன்னொருக்காப் போடு," என்றார். போட்டேன். "இன்னொருக்கா." மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பையன் பேசி முடித்த பிறகும், அந்தச் சிரிப்பு அடங்கும்வரை போனைக் காதருகே வைத்திருந்தார்.

"அப்ப அவனுக்கே தெரியும்," என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "நாஞ் சொல்லியிருந்தாலுங் கேட்டிருக்க மாட்டான், எனக்குத் தெரியக் கூடாதுன்னு திருநீறு பூசியிருக்கறான், பாவி, பாவி," என்று அழுகைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வெச்சுரு அம்மிணி," என்றார். "எப்படி இருந்துச்சோ அப்படியே ரெண்டையும் வெச்சுரு. இந்தப் போன்ல நான் பாத்தத மட்டும் அவருகிட்டச் சொல்லீராத."

அன்றும் அடுத்த நாளும் வைத்தேன். மனிதத் தலைக்கு வைத்து வைத்து என் கை வலப்பக்கமாகவே சுற்றிப் பழகியது. வீடியோவில் அந்தச் சுழி இடப்பக்கம் சுற்றியிருந்தது. அந்த அக்கா பிடுங்கிப்போட்ட மூன்று வரிசையும் நான் தப்பாக வைத்தவைதான். இந்த முறை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வைத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முடியை நிறம் பிரித்துக் கொடுத்தார். கடைசியாக நடுப்புள்ளியில் மூன்றே மூன்று முடி. அதை வைத்து இடுக்கியை எடுத்தபோது, நெற்றி சட்டென்று உயிருள்ள மாட்டின் நெற்றியாகிவிட்டது. நான் செய்ததுதான், நானே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

தலையைச் சுவரில் ஏற்றிய பிறகு, அந்த அக்கா திருநீற்றுத் தட்டோடு வந்து ஸ்டூலில் ஏறினார். மேல் சுழி முழுக்க மறைகிற மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குப் பூசினார். நாலு நாள் வேலைமேல் சாம்பல். வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இறங்கி வந்தவர், விரலில் மிச்சமிருந்த திருநீற்றை என் நெற்றியில் வைப்பார் என்று குனிந்தேன். அவர் என் உச்சியில், இரண்டு சுழிக்கும் நடுவே வைத்தார். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுட்டும் அம்மிணி," என்றார். மாமியார் விரல் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போது அந்த இடத்தில் இரண்டு விரல் வருகிறது.

அவர் கணவர் என்னை மொபெட்டில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு, "திருநீறு பூசறதுக்கு முன்னால வந்து பாத்தனுங்க. ரெண்டாஞ் சுழியும் வெச்சிருக்கீங்க," என்றார்.

"ஆமாங்ணா."

"அப்ப அந்த வீடியோவப் பாத்திருக்கீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"அத எடுத்தது நாந்தானுங்க," என்றார். "சந்தைக்கு நானுந்தான் கூடப் போனேன். எல்லாருஞ் சுழிய வெச்சுப் பயமுறுத்துனாங்க. நான் சிரிச்சுப்போட்டுக் கயித்த வாங்கி அவன் கையில குடுத்தேன். அம்மாளுக்குத் தெரியாமப் பாத்துக்கலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். நானும் அதுல கூட்டுன்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்குந் தெரியாதுங்க. தெரிஞ்சா என்ற மூஞ்சியில முழிக்க மாட்டா. உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க, சொல்லிப்போடாதீங்க."

"சொல்லலீங்ணா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பஸ் வந்துவிட்டது.

ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த மனிதன். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அந்த அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த வீடியோவை மறுபடி மறுபடி போடச் சொன்னார். மகன் குரலைக் கேட்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.